கலிஃபோர்னியா, இல்லினாய், மாசசூசெட்ஸ்: சம்பளத் தரவு அறிக்கையை யார், எதை வைத்து, எப்படித் தர வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பேரோல் வேலையைச் சென்னையிலிருந்து கவனிக்கிறீர்கள். மொத்தம் 260 ஊழியர்கள்: கலிஃபோர்னியாவில் 35, இல்லினாயில் 112, மாசசூசெட்ஸில் 90, மீதி 23 பேர் வேறு மாநிலங்களில். ஏஜென்சி வழியாக வந்தவர்கள் 40 பேர், அவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கூட்டரசுக்குத் தர வேண்டிய ஈஈஓ-1 அறிக்கை, அதாவது ஊழியர்களை வேலை வகை, இனம், பாலினம் வாரியாக எண்ணிக் காட்டும் படிவம், ஏற்கெனவே போய்விட்டது. "அதையே மாநிலங்களுக்கும் அனுப்பினால் போதாதா? கலிஃபோர்னியாவில் நூறு பேர்கூட இல்லையே, அங்கே எதற்கு அறிக்கை?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த மாநிலம் யாரை எண்ணுகிறது? எந்த மாநிலம் எதைச் சம்பளம் என்கிறது? மூன்று மாநிலங்களும் இந்த இரண்டுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

சுருக்கமாகச் சொன்னால், கலிஃபோர்னியாவுக்கு அறிக்கை கட்டாயம். இல்லினாயில் சான்றிதழ் கட்டாயம். மாசசூசெட்ஸுக்கு இப்போதுள்ள 90 பேரை வைத்துப் பார்த்தால் தேவையில்லை, ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. ஈஈஓ-1 படிவத்தை அப்படியே அனுப்பினால் கலிஃபோர்னியா ஏற்காது.

கலிஃபோர்னியாவின் சட்டம் 2020 செப்டம்பரில் எஸ்பி 973 என்ற மசோதாவாகக் கையெழுத்தானது. அதற்கு முன் கூட்டரசே 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஈஈஓ-1 படிவத்தின் இரண்டாம் பகுதியாகச் சம்பள விவரம் வாங்கிவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த இடத்தைத்தான் கலிஃபோர்னியா எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் ஈஈஓ-1 படிவத்தையே மாற்றாகத் தரலாம் என்று ஒரு வழி இருந்தது. 2022-இல் வந்த எஸ்பி 1162 அந்த வழியை மூடியது. தரக் கடைசி நாளை மே மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை என்று ஆக்கியது. ஏஜென்சி ஊழியர்களுக்குத் தனி அறிக்கையும் கேட்டது. 2026-இல் அந்தப் புதன் மே 13, 2027-இல் மே 12. அறிக்கையை வாங்குவது மாநிலத்தின் குடிமை உரிமைத் துறை. முதல் ஆண்டுகளின் பழைய குறிப்புகளில் இதே துறை டிஎஃப்இஎச் என்ற பெயரில் இருக்கும். 2022 ஜூலையில்தான் பெயர் மாறியது. தேடும்போது பழைய கேள்வி-பதில் பக்கங்களில் சிக்கிக்கொள்ளாதீர்கள், அவற்றில் மார்ச் 31 என்ற பழைய தேதியே இருக்கும்.

இங்கே எண்ணிக்கை எப்படி என்றால், 100 பேர் என்பது நிறுவனத்தின் மொத்தக் கணக்கு. கலிஃபோர்னியாவுக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவர்களைச் சேர்த்து 100 தொட்டு, அவர்களில் ஒருவராவது கலிஃபோர்னியாவில் இருந்தால் போதும், அறிக்கை தர வேண்டும். பகுதிநேர ஊழியரும் ஒரு ஆள்தான், விடுப்பில் இருப்பவரும் ஒரு ஆள்தான். ஆகவே உங்கள் 260 பேர் நிறுவனம் உள்ளே வந்துவிடுகிறது. அறிக்கைக்குள் 260 பேரையும் எழுத வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் வேலை செய்பவர்களையும், கலிஃபோர்னியா அலுவலகம் ஒன்றின் பெயரில் இருப்பவர்களையும் எழுதினால் போதும்.

இந்த "உம்" இரண்டும் முக்கியம். சிகாகோ அலுவலகத்தின் பெயரில் இருந்துகொண்டு சாக்ரமெண்டோவில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் கலிஃபோர்னியா அறிக்கையில் வருவார், சிகாகோ அலுவலகத்தின் கீழ். லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தின் பெயரில் இருந்துகொண்டு நெவாடாவில் உட்கார்ந்து வேலை செய்பவரும் வருவார். பேரோலில் மாநில வரிக் குறியீட்டை வைத்து வடிகட்டினால் முதலாமவர் கிடைப்பார், இரண்டாமவர் விட்டுப்போவார். எனவே ஒவ்வொருவருக்கும் "உடலால் எங்கே வேலை செய்கிறார்", "எந்த அலுவலகத்தின் கணக்கில் இருக்கிறார்" என்று இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 35 என்ற எண் வரிக் குறியீட்டிலிருந்து வந்தது என்றால், சரியாகப் பார்க்கும்போது அது கூடக்கூடும். படிவமும் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் அலுவலகத்தில், எத்தனை பேர் கலிஃபோர்னியாவுக்குள் வீட்டிலிருந்து, எத்தனை பேர் மாநிலத்துக்கு வெளியே வீட்டிலிருந்து என்று பிரித்துக் கேட்கிறது.

யாரைச் சேர்ப்பது என்பது ஸ்னாப்ஷாட்டைப் பொறுத்தது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரைக்குள் ஏதாவது ஒரு சம்பளக் காலத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வேலையில் இருந்தவர்கள் மட்டுமே அறிக்கையில் வருவார்கள். கூட்டரசின் ஈஈஓ-1 படிவத்துக்கும் இதே மூன்று மாத ஜன்னல்தான், எனவே இரண்டுக்கும் ஒரே சம்பளக் காலத்தை எடுத்துக்கொண்டால் ஆள் கணக்கை ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்கலாம். கவனிக்க வேண்டியது, ஆட்களைத்தான் ஸ்னாப்ஷாட்டில் எடுக்கிறோம். சம்பளமும் வேலை நேரமும் அந்த ஆண்டு முழுவதற்கும் உரியவை. புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

சம்பளம் என்று கலிஃபோர்னியா எடுத்துக்கொள்வது, ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் ஐந்தாம் பெட்டி, அதாவது மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரிக்குரிய சம்பளம். பழைய கூட்டரசு முறை முதல் பெட்டியைப் பயன்படுத்தியது, அந்தப் பழக்கத்தில் பலரும் முதல் பெட்டியையே எடுத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சிறியது அல்ல. 140,000 டாலர் சம்பளக்காரர் 2025-இன் உச்ச வரம்பான 23,500 டாலரை 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் வரிக்கு முன் போட்டால், முதல் பெட்டியில் 116,500 வரும், ஐந்தாம் பெட்டியில் 140,000 நிற்கும். அறிக்கையில் ஆட்களை 12 சம்பளப் பட்டைகளாகப் பிரிக்கிறோம். முதல் ஆண்டுகளின் பட்டை அட்டவணைப்படி 128,959 டாலரில் ஒரு பட்டை முடிகிறது, ஆகவே தவறான பெட்டியை எடுத்தால் இவர் ஒரு பட்டை கீழே விழுந்துவிடுவார். முதல் பெட்டியை எடுத்தால் ஓய்வுக்காகச் சேமிப்பவர்கள் எல்லோருமே குறைந்த சம்பளக்காரர்களாகக் காட்சியளிப்பார்கள். பட்டைகளின் எல்லைகளைப் போன ஆண்டுக் கோப்பிலிருந்து நகல் எடுக்காதீர்கள்; அந்தந்த ஆண்டின் கையேட்டிலிருந்தே எடுங்கள்.

ஐந்தாம் பெட்டியில் பங்குச் சலுகைகளின் மதிப்பும், அவை கைக்கு வந்த ஆண்டில், சேர்ந்திருக்கும். அதனால் ஒருவருடைய மணிநேர விகிதம் திடீரென்று 300 டாலர் என்று நின்றால் உடனே பிழை என்று திருத்த வேண்டாம். படிவத்தில் விளக்கக் குறிப்பு எழுத இடம் உண்டு. அங்கே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

வேலை நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கை பழுதாவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவரின் மணிநேர விகிதம் என்பது ஐந்தாம் பெட்டித் தொகையை அந்த ஆண்டில் அவருடைய மொத்த மணிகளால் வகுத்தது. வேலை செய்த மணிகளோடு சம்பளத்துடன் கூடிய விடுப்பு மணிகளும் சேரும், சம்பளமில்லாத விடுப்பு சேராது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு டைம்ஷீட் இருக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு, ஓவர்டைம் விதிக்கு அப்பாற்பட்டவர்களுக்கு, மணிக்கணக்கு எங்குமே இருக்காது. அவர்களுக்கு வேலை நாட்களைச் சராசரியாக ஒரு நாளுக்கு எத்தனை மணி என்பதால் பெருக்கி எடுக்கலாம் என்று துறையே வழி சொல்கிறது. பலர் இதற்குக் குறுக்குவழியாக எல்லோருக்கும் 2,080 மணி என்று போட்டுவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் இருந்தவருக்கு அது பொருந்தலாம். 2025 நவம்பர் 3-இல் 120,000 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசிவரை 43 வேலை நாட்கள், 344 மணி, சம்பளம் ஏறத்தாழ 19,846 டாலர். 344-ஆல் வகுத்தால் மணிக்கு 57.69 டாலர், அதுதான் அவருடைய உண்மையான விகிதம். 2,080 என்று போட்டால் மணிக்கு 9.54 டாலர். 2025-இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50. நிறுவனம் சட்டத்துக்குக் கீழே கூலி கொடுத்ததாகத் தன் கையால் எழுதி, ஓர் அதிகாரியின் உறுதிமொழியோடு அரசுக்கு அனுப்பிவைப்பதுதான் இதன் விளைவு.

அதே ஆளை எந்தப் பட்டையில் வைப்பது என்றும் கேட்பார்கள். 19,846 டாலர் எந்தப் பட்டையோ அந்தப் பட்டையில்தான். ஆண்டு முழுவதும் இருந்தால் 120,000 ஆகியிருக்கும் என்று கணக்கை விரித்து எழுதக் கூடாது. இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் மணிக்கணக்கு கேட்கப்படுவதே இந்தக் குறையை ஈடுகட்டத்தான். பட்டை அவரைக் கீழே காட்டும், மணி விகிதம் சரியாகக் காட்டும். அதனால்தான் மணியில் பிழை விட்டால் அறிக்கையில் வேறெதுவும் அதைத் திருத்திக்கொடுக்காது.

இந்த ஒரு சோதனையை மட்டுமாவது கட்டாயம் செய்யுங்கள். எல்லோருடைய மணி விகிதத்தையும் ஏறுவரிசையில் அடுக்கி, அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே விழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: நடுவில் சேர்ந்தவருக்கு முழு ஆண்டு மணி போட்டிருப்பீர்கள், சம்பளமில்லாத விடுப்பைக் கழித்திருக்க மாட்டீர்கள், அல்லது பேரோல் நிறுவனம் ஆண்டின் நடுவில் மாறியதால் புதிய மென்பொருளில் பாதி ஆண்டுச் சம்பளம் மட்டுமே இருக்கும், மணிகளோ டைம்ஷீட்டிலிருந்து முழுதாக வந்திருக்கும். நியாயமான விதிவிலக்கும் உண்டு. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் வரிக்கு முன் பிடிக்கப்படும்போது ஐந்தாம் பெட்டியும் குறையும், அதனால் குறைந்தபட்சக் கூலி வாங்குகிற ஒருவர் சில காசுகள் கீழே தெரியலாம். அப்படி இருந்தால் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். மேல்முனையையும் இதே போல ஒரு முறை பாருங்கள். அங்கே மணிகள் விட்டுப்போனவர்கள் தெரிவார்கள்.

இனி வரிசைகள். ஒரே அலுவலகம், ஒரே வேலை வகை, ஒரே இனப்பிரிவு, ஒரே பாலினம், ஒரே சம்பளப் பட்டை என்று பொருந்துகிறவர்கள் எல்லோரும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஆள் எண்ணிக்கை, மொத்த மணி, மணிநேர விகிதத்தின் சராசரி, இடைநிலை, அதாவது மீடியன். சராசரி என்பது ஒவ்வொருவருடைய விகிதத்தையும் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுப்பது; மொத்தச் சம்பளத்தை மொத்த மணியால் வகுப்பதல்ல. ஒரு வரிசையில் மூன்று பேர் என்று வையுங்கள்: 2,000 மணிக்கு 64,000 டாலர், 2,000 மணிக்கு 72,000, 1,000 மணிக்கு 70,000. விகிதங்கள் 32, 36, 70. சராசரி 46, இடைநிலை 36. மொத்தத்தை மொத்தத்தால் வகுத்தால் 41.20 வரும், அது தவறு. எக்செல்லின் சாதாரண பிவட் டேபிளில் சராசரி கிடைக்கும், மீடியன் கிடைக்காது. அதனால் அவசரத்தில் சராசரியையே இரண்டு பத்தியிலும் ஒட்டிவிடுகிற வழக்கம் இருக்கிறது. மூன்று பேருக்கு மேல் உள்ள வரிசைகளில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருந்தால், பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். மீடியனையும் இஃப்பையும் சேர்த்த சூத்திரம் எழுதுங்கள், அல்லது வேறு கருவியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அலுவலக வாரியாக எடுத்த இடைநிலைகளைக் கூட்டி வகுத்து மொத்தத்துக்கு இடைநிலை சொல்ல முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனமும் பாலினமும் ஊழியர் தாமே சொன்னதாக இருக்க வேண்டும், அதுதான் முதல் வழி. சொல்ல மறுத்தவரை அறிக்கையிலிருந்து விட்டுவிட முடியாது. வேலைப் பதிவுகளையும், நம்பத்தக்க வேறு விவரங்களையும், அதுவும் இல்லையென்றால் நேரில் பார்த்தவரின் மதிப்பீட்டையும் கொண்டு நிரப்ப வேண்டும். இங்கே சென்னையிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். பட்டியலில் ஜோசஃப் என்று இருப்பவர் தூத்துக்குடிக்காரராக இருக்கலாம், அவர் ஆசியர் என்ற பிரிவில் வருவார். இந்தியத் துணைக்கண்டம் அந்தப் பிரிவுக்குள்தான் இருக்கிறது. கார்சியா என்ற பெயர் திருமணத்தால் வந்திருக்கலாம். நேரில் பார்க்காத நீங்கள் இதை நிரப்பவே கூடாது. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டு, அங்குள்ள மனிதவளப் பிரிவுக்குத் திருப்பி அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் ஆண், பெண், இருபாலும் அல்லாதவர் என்று மூன்று பாலினப் பிரிவு உண்டு. கூட்டரசின் ஈஈஓ-1 படிவத்தில் இரண்டுதான். ஈஈஓ-1 கோப்பிலிருந்து பிறப்பித்தால் மூன்றாவது பிரிவினர் தொலைந்துபோவார்கள்.

வேலை வகைகள் இதுவரை ஈஈஓ-1 படிவத்தின் அதே பத்துதான். 2025 அக்டோபரில் கையெழுத்தான எஸ்பி 464 இதை மாற்றுகிறது. 2027 ஜனவரி 1 முதல் 23 வகைகள், கூட்டரசின் எஸ்ஓசி தொழில் வகைப்பாட்டின் பெரும்பிரிவுகளைப் பின்பற்றி. இப்போது "புரொஃபஷனல்ஸ்" என்ற ஒரே கட்டத்தில் இருக்கும் கணக்கரும் மென்பொருள் எழுதுபவரும் அங்கே பிரிந்துவிடுவார்கள்: கணக்கர் 13-ஆம் பிரிவுக்கு, மென்பொருள் எழுதுபவர் 15-ஆம் பிரிவுக்கு, மருத்துவமனையில் பதிவு பெற்ற செவிலியர் என்றால் 29-க்கு. 2027 மே மாதம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் முடியாது. பதவிப் பெயர்களின் பட்டியலில் இப்போதே எஸ்ஓசி எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்து, அந்தப் பதவியில் இருப்பவரின் மேலாளரிடம் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். பதவிப் பெயரை மட்டும் பார்த்து நிரப்பினால் "மேனேஜர்" என்று பெயருள்ள எல்லோரும் 11-ஆம் பிரிவான நிர்வாகத்தில் போய் விழுவார்கள். கீழே ஒருவர்கூட இல்லாத "அக்கவுண்ட் மேனேஜர்" பெரும்பாலும் விற்பனைக்காரர்.

அதே எஸ்பி 464 இன்னொன்றும் சொல்கிறது: இன, பாலின விவரங்களை ஊழியரின் தனிக்கோப்பிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். உங்களைப் போன்ற வெளியிடக் குழுவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 35 பேர் அலுவலகத்தில் வரிசைகளில் பலவும் ஒற்றை ஆள் வரிசையாகத்தான் இருக்கும். ஒற்றை ஆள் வரிசையில் சராசரியும் இடைநிலையும் அந்த ஒருவரின் சம்பளமேதான். பெயர் இல்லாவிட்டாலும், அலுவலகத்தில் இருப்பவர்கள் யாரென்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இந்தக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பாதீர்கள். பெயரை நீக்கி ஊழியர் எண்ணை மட்டும் வைத்து வேலை செய்யுங்கள். துறையும் தனிநபரை அடையாளம் காட்டக்கூடிய விவரத்தை இரகசியமாக வைக்கக் கடமைப்பட்டது, தொகுத்த புள்ளிவிவரங்களை மட்டுமே வெளியிடுகிறது. அரசு காக்கிற இரகசியத்தை நம் இன்பாக்ஸ் கசியவிடக் கூடாது.

ஏஜென்சி ஊழியர்கள் 40 பேரைப் பற்றி. அவர்களுக்கான அறிக்கை தனி, அதன் 100 என்ற வரம்பும் தனி. 260-உடன் 40-ஐக் கூட்டத் தேவையில்லை. எல்லா ஏஜென்சிகளையும் சேர்த்துத்தான் 100 பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஏஜென்சிக்கும் தனித்தனியாக அல்ல. உங்கள் வழக்கமான தொழிலுக்குள் வரும் வேலையைச் செய்பவர்கள்தான் இதில் சேருவார்கள். எது வழக்கமான தொழில் என்பதில் எல்லைக்கோடு தெளிவாக இல்லை. வரம்பை நெருங்கும்போது அதை வழக்கறிஞரிடம் விட வேண்டும். 40 பேரே என்றால் இந்த ஆண்டு கவலையில்லை. 80-ஐத் தாண்டினால், ஏஜென்சி ஒப்பந்தத்தில் தரவு தரும் கடமையை ஒரு விதியாகச் சேர்த்துவிடுங்கள். ஏஜென்சி தராததால் அறிக்கை குறைபட்டால் அபராதத்தில் ஒரு பங்கை நீதிமன்றம் அவர்கள்மேல் சுமத்தலாம், ஆனால் மே மாதம் நெருங்கும்போது அது உங்களுக்கு உதவாது.

அபராதம்: முதல் தவறுக்கு ஊழியர் ஒருவருக்கு 100 டாலர் வரை, அடுத்த தவறுகளுக்கு 200 வரை. எஸ்பி 464-க்குப் பிறகு, துறை கேட்டால் நீதிமன்றம் அபராதம் விதித்தே ஆக வேண்டும், முன்போல விட்டுவிட முடியாது. "ஊழியர் ஒருவருக்கு" என்பது கலிஃபோர்னியா ஊழியரா, மொத்த ஊழியரா என்று சட்ட வாசகம் பிரித்துச் சொல்லவில்லை. 35 என்றால் 3,500 டாலர், 260 என்றால் 26,000. நிறுவனத்துக்கு ஆபத்தைச் சொல்லும்போது பெரிய எண்ணையே சொல்லுங்கள்.

இல்லினாய் வேறு உலகம். அங்கே மாநிலத்துக்குள் மட்டும் 100 பேர் இருக்க வேண்டும், ஈஈஓ-1 தர வேண்டிய நிறுவனமாகவும் இருக்க வேண்டும். உங்கள் 112 இரண்டிலும் தேறுகிறது. தருவது அறிக்கை மட்டுமல்ல, மாநிலத் தொழிலாளர் துறையிடமிருந்து சம ஊதியப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். கட்டணம் 150 டாலர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கடைசியாகத் தந்த ஈஈஓ-1 நகல், ஊழியர் பட்டியல், கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகிய மூன்றும் வேண்டும். பட்டியலில் ஸ்னாப்ஷாட் கிடையாது. போன காலண்டர் ஆண்டில் ஒரு நாளாவது வேலை செய்தவர் அனைவரும் வர வேண்டும், மார்ச்சில் போனவரும் உட்பட. ஆகவே வரிசைகள் 112-ஐத் தாண்டும். ஆளுக்கு ஒரு வரிசை: பாலினம், இனப்பிரிவு, எந்த கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) வேலை, சேர்ந்த தேதி, ஆண்டில் கொடுத்த மொத்த ஊதியம். அந்த ஊதியம் ஐந்தாம் பெட்டி அல்ல. இல்லினாயின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் ஊதியம் என்று வரையறுப்பது, ஒப்பந்தப்படி தொழிலாளிக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகை. எனவே பேரோல் பதிவேட்டின் மொத்தத் தொகையிலிருந்து தொடங்குங்கள், பிறகு 100 டாலருக்கு முழுமையாக்குங்கள். 64,349 என்றால் 64,300. 64,351 என்றால் 64,400. பங்குச் சலுகை இந்த வரையறைக்குள் வருமா என்பதில் கருத்து வேறுபட இடமுண்டு, வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

உறுதிமொழிதான் இல்லினாயில் கனமான பகுதி. ஒவ்வொரு பெரிய வேலை வகையிலும் பெண்களின், சிறுபான்மையினரின் சராசரி ஈட்டுத்தொகை, மற்றவர்களுடையதைவிடத் தொடர்ந்து குறைவாக இல்லை என்று ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். பணி ஆண்டுகள், வேலையின் தேவைகள், அனுபவம், திறமை, பொறுப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தை எப்படி நிர்ணயிக்கிறீர்கள், எத்தனை காலத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கிறீர்கள் என்றும் எழுத வேண்டும். கணக்குப் பார்க்காமல் இதில் கையெழுத்து வாங்கக் கூடாது. கையெழுத்திடப் போகிறவர் முன்னால் வகைவாரியான எண்கள் இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லையென்றால் சம்பளத்தைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்து. இந்த ஆய்வை வழக்கறிஞர் கேட்டுச் செய்ததாக, அவருடைய இரகசியப் பாதுகாப்பின் கீழ் செய்வது வழக்கம். சென்னையிலிருந்து நீங்கள் எண்களைத் தயாரிக்கலாம், ஆனால் "வித்தியாசம் சரிதான்" என்று மின்னஞ்சலில் தீர்ப்பு எழுத வேண்டாம். தவறு தெரியாமல் நேர்ந்தால் திருத்த 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு மேல் 10,000 டாலர் வரை அபராதம்.

மாசசூசெட்ஸ் சட்டம் 2024 ஜூலை 31-இல் கையெழுத்தானது, முன்னாள் அமெரிக்கத் தொழிலாளர் செயலர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் பெயரால். அங்கே ஈஈஓ-1 நகலை மாநிலச் செயலரிடம் பிப்ரவரி 1-க்குள் தந்தால் போதும். நீங்கள் நினைத்த "அதையே அனுப்பலாமா" என்பது இந்த ஒரு மாநிலத்துக்குத்தான் பொருந்துகிறது, அதிலும் ஈஈஓ-1 படிவத்தில் இப்போது சம்பள விவரமே இல்லை. நான் சொன்ன கண்ணி: முந்தைய ஆண்டில் எந்த நேரத்திலாவது மாநிலத்தில் 100 பேரைத் தொட்டிருந்தால் கடமை வந்துவிடும். இன்றைக்கு 90 என்பது போதாது. கோடைக்கால இன்டர்ன்கள் 12 பேர் ஜூலையில் இருந்திருந்தால்? மாதவாரி ஆள் எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பு போடும் கடமை மாநிலத்தில் 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு 2025 அக்டோபர் 29 முதல் தனியாக வந்துவிட்டது, அது உங்களுக்கு உண்டு.

வேலையை அடுக்குவது இப்படி. ஆளுக்கு ஒரு வரிசையாக ஒரு மூலக் கோப்பு. அதில் ஐந்தாம் பெட்டி, மொத்த ஊதியம், மணி, வேலை இடம், அலுவலகம், சேர்ந்த தேதி, பத்து வகையில் எது, எஸ்ஓசி எண் எது என்று தனித்தனிப் பத்திகள். கலிஃபோர்னியா கோப்பும் இல்லினாய் கோப்பும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்; ஓர் அறிக்கையிலிருந்து இன்னோர் அறிக்கை பிறக்கக் கூடாது. இன, பாலினப் பத்திகள் வேறொரு கோப்பில், ஊழியர் எண் மட்டும் இணைப்பு. அக்டோபரில் ஸ்னாப்ஷாட் தேதியை முடிவு செய்து எழுதி வையுங்கள். ஜனவரியில் டபிள்யூ-2 போன பிறகு, திருத்தப் படிவங்கள் வந்தவர்களை மறுபடி எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மணிகள். ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலிச் சோதனை, ஈஈஓ-1 ஆள் கணக்கோடு ஒப்பீடு. ஏற்றும் நாளில் எக்செல்லில் அடையாள எண்கள் எல்லாவற்றையும் எழுத்து வடிவமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் அஞ்சல் குறியீடு சுழியில் தொடங்கும், அங்கே பதிவான நிறுவனங்களின் கூட்டரசு வரி எண் பலவும் 04 என்று தொடங்கும். கோப்பைச் சிஎஸ்வி ஆக்கியபின் மறுபடி எக்செல்லில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள சுழி போய்விடும், தளம் திருப்பி அனுப்பும். சரிபார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

இங்கே சொன்னவற்றில் தேதி, வரம்பு, பெட்டி எண், கணக்கிடும் முறை ஆகியவை சட்டத்திலும் துறைகளின் வழிகாட்டலிலும் உள்ளவை. ஏஜென்சி எல்லை, பங்குச் சலுகை, அபராதத்தின் தலைக்கணக்கு இந்த மூன்றும் அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற தொழிலாளர் வழக்கறிஞர் சொல்ல வேண்டியவை, பேரோல் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டியவை அல்ல. இல்லினாய் சான்றிதழ் உங்கள் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். இயங்கிவந்த நிறுவனங்களுக்கு 2022 மார்ச் 24 முதல் 2024 மார்ச் 23 வரை துறையே தேதி ஒதுக்கியது, அந்த அறிவிப்பு அப்போதைய மனிதவள அதிகாரியின் பெயருக்குப் போயிருக்கும். சான்றிதழ் கிடைத்தால் அதில் உள்ள தேதியிலிருந்து இரண்டு ஆண்டை எண்ணுங்கள்.